குன்னூர் எலிகளும் நம்ம வீட்டு அரிசிப் பானையும்



நெல்லை மில்லுக்குக் கொண்டுபோகிறோம். அரிசி ஒரு பக்கம் விழுகிறது. உமி ஒரு பக்கம் பறக்கிறது. தவிடு தனியாக மூட்டைக்குப் போகிறது. அரிசி நமக்கு, தவிடு மாட்டுக்கு. இந்தப் பாகப்பிரிவினையில் நல்ல பங்கு யாருக்குப் போச்சு என்று ஒரு நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம நீலகிரி மலையில், குன்னூரில் உட்கார்ந்து ஒரு டாக்டர் கணக்குப் பார்த்தார். அவர் பெயர் ராபர்ட் மெக்காரிசன். அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், அதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். பெரிபெரி என்று ஒரு வியாதி. இந்தத் தலைமுறைக்கு அந்தப் பேரே தெரியாது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, இருதயம் நின்றுபோகும். நல்லாத்தான் இருந்தான், வயிறு நிறையச் சோறுதான் சாப்பிட்டான் என்பார்கள். அந்தச் சோற்றில்தான் சங்கதி இருந்தது.

இது முதலில் வெளிப்பட்டது நம்ம ஊரில் இல்லை, ஜாவாத் தீவில். அங்கே டச்சுக்காரர் ஆட்சி. எய்க்மன் என்று ஒரு ராணுவ டாக்டர். அவர் ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகள் 1890 வாக்கில் திடீரென்று கால் இழுத்துக்கொண்டு விழ ஆரம்பித்தன. பெரிபெரிக்காரர் நடக்கிற மாதிரியே நடை. ஏதோ கிருமி என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே கோழிகள் தாமாகத் தேறிவிட்டன. விசாரித்தால், நடுவில் கொஞ்ச மாசம் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மிஞ்சின வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதுசாக வந்த சமையற்காரர், “பட்டாளத்துச் சோறு கோழிக்கு எதுக்கு?” என்று நிறுத்திவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி போட்டதும் கோழி எழுந்து நடந்தது. அந்தச் சமையற்காரருடைய கைப்பிடிச் சிக்கனம்தான் வைத்தியத்தில் ஒரு புது வாசலைத் திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

பிறகு ஜாவாவின் சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தார்கள். தீட்டின வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் சுமார் நாற்பது கைதிகளில் ஒருவருக்குப் பெரிபெரி. தவிடு போகாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் எய்க்மன் அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிடு அந்த விஷத்தை முறிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். அவருக்குப் பின்னால் வந்த கிரைன்ஸ் என்பவர் 1901-ல், “விஷம் ஒன்றும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் தவிட்டில் இருக்கிறது, அதைத்தான் நாம் எடுத்துத் தூரப் போடுகிறோம்” என்று திருத்தினார். அந்தப் பொருளுக்குத்தான் பின்னால் வைட்டமின் பி-1 என்று பெயர் வந்தது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நமக்குக் கிட்டத்துச் சொந்தம் ஒன்று உண்டு. இந்த பி-1 வைட்டமினை 1936-ல் ரசாயன முறையில் தயார் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது நெல்லூரில், 1886-ல். நெல்லூர் அப்போது நம்ம சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்தது. அப்பா பாதிரியார். வில்லியம்ஸ் பெரியவராகி பிலிப்பைன்ஸ் தீவில் மணிலாவில் வேலை பார்த்தபோது, தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளே பெரிபெரியால் சாவதைக் கண்டார். தாய் தீட்டின அரிசி சாப்பிடுகிறாள், அவள் பாலில் சத்து இல்லை, குழந்தை மூச்சு வாங்கிச் சாகிறது. 1910-ல் வெட்டர் என்ற ராணுவ டாக்டரோடு சேர்ந்து, தவிட்டிலிருந்து எடுத்த சாறை அந்தக் குழந்தைகளின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். சாகக்கிடந்த குழந்தைகள் பிழைத்தன. நாம் மாட்டுத் தொட்டியில் கொட்டுகிற தவிடு, அம்மா. அதன் சாறு.

இனி குன்னூருக்கு வருவோம்.

மெக்காரிசன் அயர்லாந்துக்காரர். 1878-ல் பிறந்தார். டாக்டருக்குப் படித்துவிட்டு 1901-ல் இந்திய ராணுவ வைத்தியப் பணியில் இங்கே வந்தார். காஷ்மீருக்கும் வடக்கே கில்கிட் என்ற மலைப் பிரதேசத்தில் சில வருஷம் வேலை. அந்தப் பக்கம் பலருக்குத் தொண்டையில் கழலை இருந்தது. ஏன் என்று பார்த்தார். ஒரே வாய்க்கால் மேலிருந்து கீழே ஊர் ஊராக வருகிறது. மேல் ஊரில் கழலைக்காரர் குறைவு, கீழே போகப்போக அதிகம். நமக்குப் புரியும், இல்லீங்களா? மேல் ஊர்க்காரர் குளித்து, மாட்டைக் கழுவி, துணி அலசி விட்ட தண்ணிதான் கீழ் ஊர்க்காரருக்குக் குடிதண்ணி. கடைமடைக்காரன் பாடு எங்கேயும் ஒன்றுதான். அந்தத் தண்ணியின் வண்டலை வடிகட்டி எடுத்து, தானும் குடித்து, சம்மதித்த சிலருக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குத் தொண்டை வீங்கியது. அதே வண்டலைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. கழலைக்கு அயோடின் பற்றாக்குறைதான் தலைமைக் காரணம் என்பது இன்றைக்குத் தெரிந்த விஷயம். அதற்காகத்தான் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். ஆனால் மெக்காரிசன் ஆளைப் பார்க்கிறதோடு அவன் குடிக்கிற தண்ணியையும் பார்த்தார் பாருங்கள், அந்தப் பழக்கம்தான் பின்னால் பயன்பட்டது.

கில்கிட்டுக்குப் பக்கத்தில் ஹுன்ஸா என்று ஒரு மலைச்சாதி ஜனங்கள். கோதுமை, பார்லி, காய்கறி, பழம், பால் என்று சாப்பிட்டு மலையேறித் திரிந்தவர்கள். அவர்களுடைய திடகாத்திரம் மெக்காரிசன் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. பின்னாளில் பலபேர் இதை எடுத்துக்கொண்டு, அங்கே எல்லாரும் நூற்றிருபது வயசு இருப்பார்கள் என்றெல்லாம் கதை கட்டினார்கள். பிறந்த தேதியை எழுதிவைக்காத ஊரில் வயசுக் கணக்கை நம்பவேண்டாம்.

1918-ல் அவர் குன்னூர் வந்து சேர்ந்தார். நாய்க்கடி ஊசிக்குப் பெயர்போன பாஸ்டர் இன்ஸ்டிடியூட் அங்கே 1907 முதல் இருந்தது. அதில் ஒரே ஒரு அறை கொடுத்தார்கள். “பெரிபெரி விசாரணை” என்று அதற்குப் பெயர். ஏன் பெரிபெரி? சென்னை ராஜதானியின் வடக்குப் பக்கம், இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிற விசாகப்பட்டினம், கோதாவரி, குண்டூர் பக்கத்துக் கடற்கரை ஜில்லாக்களில் அந்த நோய் இருந்தது. அதே ராஜதானியில், அதே நெல் விளைகிற நம்ம தமிழ் ஜில்லாக்களில் அது அபூர்வம். ஒரே சர்க்கார், ஒரே மழை, ஒரே சோறு. வித்தியாசம் எங்கே?

வித்தியாசம் அண்டாவில் இருந்தது. அங்கே பச்சரிசி. இங்கே புழுங்கலரிசி.

நம்ம வீட்டுப் பாட்டிமார்கள் நெல்லை ஊறப்போட்டு, அவித்து, களத்தில் பரப்பி, காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்து, அதன் பிறகுதான் குத்துவார்கள். எதற்காக அவித்தார்கள்? அரிசி நொய்யாகாமல் முழுசாக வரும், புழு பூச்சி அவ்வளவாக வராது, பழையசோற்றுக்கு நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். அவிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிற பி-1 சத்து தண்ணியில் கரையக்கூடியது. ஊறி, ஆவியில் வெந்ததும் அது கரைந்து அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. அதற்குமேல் மில்லில் தீட்டினாலும் முழுசும் போவதில்லை. பச்சரிசியில் சத்து மேல்தோலோடு நின்றுவிடுகிறது. தீட்டினால் தவிட்டோடு போச்சு.

இதற்குக் கணக்கும் உண்டு. நூறு கிராம் பச்சரிசியில், கைக்குத்தலாக இருந்தால் பி-1 சத்து 0.21 மில்லிகிராம். மில்லில் தீட்டினால் 0.06. மூணில் ரெண்டு பங்குக்கு மேல் அம்பேல். புழுங்கலரிசியை மில்லில் தீட்டினாலும் 0.21 நிற்கிறது. கைக்குத்தல் புழுங்கலில் 0.27. மில் வந்தது நம்ம சத்தைக் கொண்டுபோகப் பார்த்தது. பாட்டியின் அண்டா பாதி வழியில் மறித்துக்கொண்டது.

இந்தப் புழுங்கல் விஷயத்தை நன்றாக உறுதிசெய்தவர் மெக்காரிசன் அல்ல, அவருக்குப் பின் 1935-ல் குன்னூருக்கு வந்த டாக்டர் அய்க்ராய்டு. மெக்காரிசன் நாரிஸ் என்ற ரசாயன நிபுணரோடு சேர்ந்து அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்து 1924-ல் அறிக்கை எழுதினார். ஆனால் பி-1 குறைவு ஒன்றே காரணம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தார். அந்த இடத்தில் அவர் நினைத்தது நிற்கவில்லை.

அவர் பேர் வாங்கினது எலிகளால்.

அதற்கு முன் ஒரு தடங்கல். முதல் உலக யுத்தம் முடிந்து சர்க்காருக்குப் பணமுடை. செலவைக் குறைக்க இஞ்ச்கேப் பிரபு தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 1923-ல் இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கிறதுதான் வெட்டுகிற முதல் செலவு போலிருக்கிறது! 1925-ல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1928-ல் அதற்கு “போஷாக்கு ஆராய்ச்சிச் சாலை” என்ற பொருளில் பெரிய பெயரும் வந்தது.

இப்போது எலிகளைப் பார்ப்போம். மெக்காரிசன் வெள்ளை எலிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்தார். எலிக்கு ரெண்டு வயசு என்றால் மனுஷனுக்கு ஐம்பதைத் தாண்டின மாதிரி. அதனால் ஒரு ஆயுசுக் காலத்துச் சாப்பாட்டின் பலனை ரெண்டே வருஷத்தில் பார்த்துவிடலாம். பண்ணை எலிகளுக்கு அவர் கொடுத்தது பஞ்சாப் சீக்கியர்கள் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பாடு. முழுக் கோதுமை மாவுச் சப்பாத்தி, அதில் கொஞ்சம் வெண்ணெய், முளைகட்டின கடலை, பச்சையாகக் காரட், கோஸ், பால், வாரத்துக்கு ஒரு தரம் எலும்போடு கொஞ்சம் இறைச்சி, நல்ல தண்ணி. கூண்டைச் சுத்தமாக வைத்து, தினமும் வெயிலும் காட்டினார். ரெண்டே கால் வருஷத்தில் இப்படி வளர்ந்த 1,189 எலிகளை அறுத்துச் சோதித்தார். நோயென்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பிறந்த குட்டிகளும், ஒன்றிரண்டு விபத்தைத் தவிர, சாகவில்லை. அதே நாளில் அரைகுறைச் சாப்பாடு கொடுத்து வளர்த்த ரெண்டாயிரத்துச் சொச்சம் எலிகளில் நுரையீரல் வியாதி, வயிற்று வியாதி, மூத்திரப்பைக் கல், தோல் வியாதி, கண் வியாதி என்று அங்கம் அங்கமாக நோய்.

அப்புறம் இன்னொரு பந்தயம் வைத்தார். ஒரே வயசு, ஒரே எடை எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பிரதேசத்துச் சாப்பாடு. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடக்காரர், வங்காளிகள், மதராஸ்காரர். கொஞ்ச நாள் கழித்து நிறுத்துப் பார்த்தால், சீக்கியர் சாப்பாட்டு எலி முதலில் நின்றது. கடைசியில் நின்றது எது தெரியுமா? நம்ம மதராஸ் சாப்பாட்டு எலிதான்.

கேட்கச் சுருக்கென்று இருக்கிறது, இல்லையா? வெள்ளைக்காரர் சாப்பாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஏழைகள் சாப்பிடுகிற வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, அவித்த கோசும் உருளைக்கிழங்கும், டின்னில் அடைத்த இறைச்சி, மலிவான ஜாம் இவற்றை ஒரு கூண்டு எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளரவும் இல்லை, ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் இல்லை. அறுபது நாள் வாக்கில் பலமான எலி பலவீனமானதைக் கொன்று தின்ன ஆரம்பித்தது. கூண்டுகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பந்தயத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற துரைமார்கள், இன்ன ஜாதி வீர ஜாதி, இன்ன ஜாதி கோழை ஜாதி என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். வடக்கத்தியான் உசத்தி, தெற்கத்தியான் மட்டம். மெக்காரிசனும் அந்தச் சர்க்காரின் உத்தியோகஸ்தர்தான். அவர் பேச்சிலும் அந்த வாடை உண்டு. ஆனால் அவருடைய எலி வேறே சொல்லிற்று. எல்லாக் கூண்டிலும் இருந்தது ஒரே ஜாதி எலி. வேறுபட்டது தட்டு ஒன்றுதான். பாலும் கீரையும் கிடைத்தால் எந்த எலியும் கொழுக்கும். பிறவியிலேயே மட்டம் என்கிற பேச்சுக்கு அந்தக் கூண்டில் இடம் கிடையாது.

இன்னொன்று. அவர் வைத்த மதராஸ் சாப்பாடு, தீட்டிக் கழுவின அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், துளி மோர், காப்பி என்கிற வகை. கோயம்புத்தூர், சேலம், தர்மபுரிப் பக்கம் கம்பங்கூழும் ராகிக்களியும் கீரைக்கடைசலும் சாப்பிட்ட மானாவாரிக் குடியானவனுக்கு அந்தப் பந்தயத்தில் கூண்டு கிடையாது. அவனுக்கும் ஒரு கூண்டு இருந்திருந்தால் நம்ம பேர் இவ்வளவு கீழே இறங்கியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம்தான். ராகியில் 340-க்கு மேல். பி-1 சத்து ராகியில் 0.42, கம்பில் 0.33. தீட்டின பச்சரிசியின் 0.06 எங்கே, இது எங்கே? வாய்க்கால் தண்ணியும் மோட்டாரும் வந்து அரிசிச் சோறு எட்டினதும், அதுவரை கம்பு தின்ற வீடு அரிசிக்கு மாறியது. அரிசிச்சோறு கௌரவம், கூழ் ஏழைமை என்றாகிவிட்டது. கௌரவத்துக்கு நாம் கொடுத்த விலை சுண்ணாம்புச் சத்தில்தான் தெரியும்.

கூண்டில் இல்லாத இன்னொரு சங்கதியும் உண்டு. எலிக்குப் பாலை யாரோ ஊற்றுகிறார்கள். கூலிக்காரனுக்கு யார் ஊற்றுவார்கள்? பால் வேண்டாம் என்றா அவன் இருந்தான்? 1926-ல் விவசாயத்துக்கான ராயல் கமிஷன் வந்தபோது மெக்காரிசன் அதன் முன்னால் சாட்சி சொன்னார். ஜனங்களின் பலவீனத்துக்கும் நோய்க்கும் சத்துக்குறைவு பெரிய காரணம், பயிர்த்தொழிலும் வைத்தியமும் சேர்ந்து இதைப் பார்க்கவேண்டும் என்றார். சரியான பேச்சு. விவசாய இலாகா ஒரு கட்டடத்தில், சுகாதார இலாகா வேறு கட்டடத்தில் என்று இருக்கிற வரைக்கும் அது சரியான பேச்சாகவே இருக்கும். ஆனால் வரியும் கூலியும் கடனும் அவர் எலிக்கூண்டில் அகப்படாத விஷயங்கள்.

1933-ல் அவருக்கு ‘சர்’ பட்டம் வந்தது. 1935-ல் ஓய்வுபெற்றுச் சீமைக்குப் போனார். 1960-ல் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

அய்க்ராய்டு வந்ததும் எலிக்கூண்டிலிருந்து ஜனங்களின் வீட்டுக்குள் இறங்கினார். எந்த ஊரில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சர்வே எடுத்தார். நம்ம நாட்டுத் தானியம், பருப்பு, கீரை, காய், மீன் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று சோதித்து 1937-ல் ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். இன்றைக்கு டாக்டர்கள் “இதில் இவ்வளவு இரும்புச் சத்து” என்று சொல்கிறார்களே, அந்தப் பட்டியலுக்கெல்லாம் மூதாதை அதுதான். விடுதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெண்ணெய் எடுத்த பால் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத பிள்ளைகளைவிட உயரமும் எடையும் நன்றாக ஏறியது. வெண்ணெய் எடுத்த பாலே போதும் என்பதைக் கவனியுங்கள். நெய்க்கு வெண்ணெயை எடுத்துக்கொண்டு மோரைப் பிள்ளைக்குக் கொடுக்கிற வீட்டில் பிள்ளைக்கு நஷ்டமில்லை. விடியற்காலையில் கறந்ததை அப்படியே சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பிள்ளைக்குக் கறுப்பு டீ போடுகிற வீட்டில்தான் நஷ்டம். பால் பணம் முக்கியம், நான் மறுக்கவில்லை. ஒரு தம்ளர் பால் நிறுத்திவைத்தால் பணத்தில் எவ்வளவு குறையும் என்று மட்டும் ஒரு மாசம் எழுதிப் பாருங்கள்.

1940-ல் அய்க்ராய்டும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணன், பாஸ்மோர், சுந்தரராஜன் ஆகியோரும் அரிசிப் பிரச்னை பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். புழுங்கலரிசிதான் கோடிக்கணக்கான ஜனங்களைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றி வருகிறது என்று அதில்தான் தெளிவாக வந்தது. கிராமத்துக்குக் கிராமம் ஹல்லர் மில் வந்துகொண்டிருந்த காலம் அது. காந்திஜி 1934-ல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஆரம்பித்து, நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவிடம் பொறுப்பைக் கொடுத்து, கைக்குத்தலரிசிக்கு ஆதரவு தேடினார். மில்லை யாரும் நிறுத்தவில்லை. உலக்கை பிடித்த பெண்களின் தோள்வலியைப் பார்த்தவர்கள் மில்லை நிறுத்தச் சொல்லவும் மாட்டார்கள்.

தாய்மார்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பி-1 தண்ணியில் கரைகிற சத்து என்று சொன்னேன். பச்சரிசியை நாலு தண்ணி, அஞ்சு தண்ணி தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மிச்சம் இருக்கிறதிலும் பெரும்பகுதி கழுநீரில் போகும். கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னும் கொஞ்சம் போகும். ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி போதும். கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கலாம். கழுநீரைத் தெருவில் கொட்டாமல் மாட்டுக்காவது வைக்கலாம். மாடு ஏற்கெனவே நம்மைவிட நல்ல பங்கு வாங்கியிருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை.

இன்றைக்குக் கதை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ரேஷன் அரிசியில் சத்து சேர்த்துக் கொடுக்கப்போவதாக 2021 சுதந்திர தினத்தில் பிரதமர் அறிவித்தார். இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி-12 வைட்டமினும் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்பது விதி. ரத்தசோகை அதிகம் இருக்கிற நாட்டில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது என்று கிளம்பின வதந்தி அந்தச் சத்து சேர்த்த மணிகளைப் பார்த்துத்தான். பயப்பட வேண்டாம், அதுவும் அரிசி மாவில் செய்த மணிதான். ஆனாலும் எனக்கு ஒரு சிரிப்பு வரும். இயற்கை மேலே வைத்ததை மிஷினில் சுரண்டி எடுத்துவிட்டு, இன்னொரு மிஷினில் வேறு சத்தைச் சேர்க்கிறோம். சுரண்டி எடுத்ததில் முதல் பெயர் பி-1. கட்டாயம் சேர்க்கிற பட்டியலில் அது இல்லை.

உரத்தைப் பற்றின சோதனையைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இது நம்ம வயல் சம்பந்தப்பட்டது.

மெக்காரிசனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சாப்பாட்டின் சத்து தானியத்தைப் பொறுத்தது, சரி. தானியத்தின் சத்து எதைப் பொறுத்தது? மண்ணைப் பொறுத்ததா, போடுகிற எருவைப் பொறுத்ததா? கோயம்புத்தூரில் சர்க்கார் விவசாய ரசாயன நிபுணராக இருந்த பி. விஸ்வநாத் அவர்களோடு சேர்ந்தார். சாணி எரு போட்டு விளைந்தது, ரசாயன உரம் போட்டு விளைந்தது, எருவே போடாமல் விளைந்தது என்று சிறுதானியத்தையும் கோதுமையையும் பிரித்து, பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1926-ல் முடிவை வெளியிட்டார்கள். சாணி எரு போட்டு விளைந்த தானியமே சத்தில் மேல் என்றது அந்த முடிவு.

இது சீமை வரைக்கும் போயிற்று. இந்தூரில் மக்கு எரு தயாரிக்கும் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டும் மெக்காரிசனும் 1939-ல் இங்கிலாந்தில் செஷயர் டாக்டர்கள் கூட்டிய கூட்டத்தில் ஒரே மேடையில் பேசினார்கள். இன்றைக்கு இயற்கை விவசாயம் என்று உலகம் பூராவும் பேசுகிறவர்களின் பேச்சில் அந்தக் கோயம்புத்தூர்த் தானியத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒரு சோதனையை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டக் கூடாது. பின்னால் பல இடங்களில் இதே மாதிரி சோதனைகள் நடந்தன. எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை. தானியத்தின் சத்தில் ரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மண்ணுக்கு உண்டு, பருவத்துக்கு உண்டு. யூரியா போட்டு விளைந்த நெல் விஷம் என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் கேளுங்கள். அதே நேரத்தில், மண்ணில் இல்லாதது மணியில் வராது என்பதும் உண்மை. நம்ம மாநிலத்து மண்ணில் துத்தநாகச் சத்துக் குறைவு பரவலாக இருக்கிறது. துத்தநாகம் குறைந்த வயலில் நெல் மகசூலும் குறையும், அரிசியிலும் துத்தநாகம் குறையும், அதைச் சாப்பிடுகிற பிள்ளைக்கும் குறையும். நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து போடச் சொல்வது பயிருக்காக மட்டும் இல்லை. எருக்குழியைப் பொறுத்தவரை, சாணி எரு மண்ணைப் பொதபொதவென்று வைக்கும், தண்ணியைப் பிடிக்கும், நுண்சத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். இதை மறுக்கிற விஞ்ஞானி யாரும் இல்லை. மண்ணைச் சோதிக்காமல் இதுவா அதுவா என்று திண்ணையில் சண்டை போடுவதில்தான் பிரயோஜனம் இல்லை.

குன்னூர் ஆராய்ச்சிச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 1969 முதல் அதற்குத் தேசிய போஷாக்கு நிலையம் என்று பெயர். அங்கே டைரக்டராக இருந்து நாடு பூராவும் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கிற திட்டத்துக்கு வழிகாட்டின டாக்டர் கோபாலன் சேலத்தில் பிறந்தவர். குன்னூரிலேயே வேலை ஆரம்பித்து, நூறு வயசு வாழ்ந்து, 2019-ல் சென்னையில் காலமானார்.

ஆனால் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரி நிலத்தில் 1909-ல் ஆரம்பித்த நிரந்தர உரச் சோதனை வயல் எங்கேயும் போகவில்லை. ஒரு பாத்திக்குச் சாணி எரு மட்டும், ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒரு பாத்திக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும், ஒரு பாத்திக்கு ஒன்றுமே இல்லை. எந்தப் பாத்திக்கு எது என்று அன்றைக்குப் பிரித்தார்களோ, நூறு வருஷம் தாண்டியும் அதே பிரிவில் பயிர் வைத்து, அறுத்து, நிறுத்து எழுதி வருகிறார்கள். கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தில் உழவர் விழாவுக்கோ மண் சோதனைக்கோ போகிறவர்கள் விசாரித்துப் போய்ப் பாருங்கள். ஒன்றுமே போடாத பாத்தியின் பக்கத்தில் சாணி எரு போட்ட பாத்தியைக் கண்ணால் பார்க்கிறது, நான் அரை மணி பேசுகிறதைவிட மேல்.